நம்பரே கொடுக்காமல் சந்தா: ப்ரீபெய்டு பேலன்ஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ப்ரீபெய்டு சிம்மில் டேட்டா பேக் போட்டுவிட்டு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மெயின் பேலன்ஸிலும் கொஞ்சம் பணம் வைத்திருக்கிறீர்களா? அந்தப் பணத்தை என்னிடமிருந்து சத்தமில்லாமல் உருவிவிட்டார்கள். நான் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. எந்த லிங்கிலும் கார்டு விவரம் கொடுக்கவில்லை. என் போன் நம்பரைக்கூட எங்கேயும் டைப் செய்யவில்லை. வழக்கமாக நமக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் எதுவும் இதைத் தடுக்காது என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் தெரியவே இல்லை. முன்பெல்லாம் ஒரு கால் பேசி முடித்தால் திரையில் சின்னப் பெட்டி வந்து மீதி எவ்வளவு என்று சொல்லும். இப்போது பேசுவதெல்லாம் வாட்ஸ்அப்பில். அந்தப் பெட்டி வரும் சந்தர்ப்பமே அபூர்வம். அவசரமாக ஒரு சாதாரண கால் போட வேண்டி வந்தபோது "போதிய இருப்பு இல்லை" என்று குரல் வந்தது. எஸ்எம்எஸ் குவியலைத் தோண்டினால், விளம்பரங்களுக்கு நடுவே ஒரே மாதிரி செய்திகள் வரிசையாகக் கிடந்தன: "அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கேம்ஸ் சேவை வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்டது. நன்றி." எவ்வளவு எடுத்தார்கள் என்று ஒன்றில்கூட இல்லை. நிறுத்த என்ன செய்வது என்றும் இல்லை. நன்றி மட்டும் தவறாமல் இருந்தது.

கஸ்டமர் கேரில் இசை கேட்டுக் கேட்டுக் கடைசியில் ஒருவர் கிடைத்தார்.

"நீங்கதான் மேடம் ஆக்டிவேட் பண்ணியிருக்கீங்க. சிஸ்டத்துல கன்ஃபர்மேஷன் இருக்கு."

"எப்படிப் பண்ணினேன்? எஸ்எம்எஸ்ஸா, காலா?"

கொஞ்சம் தயங்கிவிட்டு, "மோட் வாப்னு காட்டுது மேடம்" என்றார். அப்படியென்றால் என்ன என்று அவருக்கும் தெரியவில்லை, பாவம். சேவையை நிறுத்துகிறேன், கடைசியாகப் பிடித்த தொகையை மட்டும் "நல்லெண்ண அடிப்படையில்" திருப்பித் தருகிறோம் என்றார். எடுத்தது என் பணம், நல்லெண்ணம் அவர்களுடையதாம்!

அந்த "வாப்" (WAP, மொபைல் இணையத்தின் ஆரம்பகாலத் தொழில்நுட்பம்) என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. வைஃபையில் இருக்கும்போது, திறக்கும் இணையதளத்துக்கு உங்கள் போன் நம்பர் தெரியாது. மொபைல் டேட்டாவில் அப்படி இல்லை. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் சிம் நிறுவனத்தின் கேட்வே, அதாவது அவர்களுடைய வாசல் கணினி, வழியாகத்தான் போகிறது. என்க்ரிப்ட் செய்யப்படாத பக்கமாக இருந்தால், அந்தக் கேட்வே உங்கள் நம்பரையோ அதற்கு ஈடான ஓர் அடையாளத்தையோ கோரிக்கையோடு போகும், நம் கண்ணுக்குத் தெரியாத தலைப்புப் பகுதியில் (header) சேர்த்து அனுப்ப முடியும். சேவை விற்பவருக்கு அது போதும். அதன்பின் திரையில் எங்கு தட்டினாலும் அது சம்மதம். கட்டணம் நேராக மெயின் பேலன்ஸில் கழிந்துவிடும்.

நம்பிக்கை வராமல், அந்த கேம்ஸ் பக்கத்தைத் தேடிப் பிடித்துச் சோதித்துப் பார்த்தேன். பேலன்ஸ் காலியாக இருந்ததால் பயமில்லை. வைஃபையில் திறந்தால் நம்பர் கேட்கும் கட்டம் வருகிறது, ஓடிபி கேட்கிறது. வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் திறந்தால் நம்பர் கட்டமே காணோம். திரை முழுக்கப் பச்சையில் "தொடர்க" என்று ஒரு பட்டன். அதற்குக் கீழே வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில், திரையை விரலால் பெரிதாக்கினால் மட்டுமே படிக்க முடிகிற அளவில், வாரச் சந்தாவுக்குச் சம்மதிப்பதாக ஒரு வரி. மூலையில் ஒரு பெருக்கல் குறி. மூடலாம் என்று அதைத் தொட்டால் அதுவும் பச்சைப் பட்டன் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. நாம் படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் மேல் இது தானாக வந்து விழும்.

சிம் நிறுவனம் ஏன் கண்டுகொள்வதில்லை? பங்கு இருக்கிறது. அமெரிக்காவில் 2014-இல் இதே போன்ற விவகாரத்தில், யாரும் கேட்காத எஸ்எம்எஸ் சந்தாக்களுக்கு டி-மொபைல் நிறுவனம் பணம் பிடித்ததாக மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. பிடித்த தொகையில் 35 முதல் 40 சதவீதம் வரை நிறுவனம் தன் பங்காக வைத்துக்கொண்டது என்பது குற்றச்சாட்டு. அந்த ஆண்டு டிசம்பரில் குறைந்தது 9 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தார்கள். அதற்கு முன்பே அக்டோபரில் இன்னொரு மொபைல் நிறுவனமான ஏடி அண்ட் டி 10.5 கோடி டாலருக்கு இறங்கி வந்தது. டி-மொபைல் வழக்கில் ஆணையம் சொன்ன ஒரு விஷயம் நமக்கு அப்படியே பொருந்தும்: ப்ரீபெய்டு வாடிக்கையாளருக்கு மாத பில் வராது, ஆகவே பணம் போவது தெரியாமலே போகும். போஸ்ட்பெய்டில் பில்லையாவது நீட்டிச் சண்டை போடலாம்.

இதைவிட மோசமானது, நீங்கள் தட்டவே தேவையில்லாத வகை. "ஜோக்கர்" என்ற ஆண்ட்ராய்டு தீநிரல் குடும்பம் இதற்குப் பேர்போனது. 2017-இலிருந்து அதைப் பின்தொடர்ந்துவரும் கூகுள், 1,700 செயலிகளைப் ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கியதாக 2020 ஜனவரியில் சொன்னது. இந்த வகைச் செயலிகள் போனை மொபைல் டேட்டாவுக்குத் தள்ளும், கண்ணுக்குத் தெரியாமல் சந்தாப் பக்கத்தைத் திறக்கும், பட்டனைத் தாமே அழுத்தும், ஓடிபி வந்தால் நோட்டிஃபிகேஷனிலிருந்து படித்துப் போட்டுக்கொள்ளும். வால்பேப்பர், கீபோர்டு, ஸ்கேனர் மாதிரி செயலி ஒன்று "நோட்டிஃபிகேஷன் அணுகல்" கேட்டால் சந்தேகப்படுங்கள். செட்டிங்ஸில் அந்தப் பட்டியலை இப்போதே திறந்து பாருங்கள், யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. என் போனில் அப்படி ஒன்றும் இல்லை. என் கதை பச்சைப் பட்டன் கதைதான். செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். சந்தா சிம் நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது, போனில் இல்லை.

கஸ்டமர் கேரில் "சேவையை நிறுத்துங்கள்" என்று மட்டும் சொன்னால் அந்த ஒரு சேவையை மட்டும் நிறுத்துவார்கள். அடுத்த மாதம் வேறு பெயரில் வேறொன்று வரும். கேட்க வேண்டியது, மூன்றாம் தரப்புக் கட்டணம் எல்லாவற்றையும் என் நம்பரில் தடை செய்யுங்கள் என்பது. கேரியர் பில்லிங் தடை, விஏஎஸ் பார் (கூடுதல் சேவைகளுக்கான தடை) என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். முதலில் எடுப்பவர் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பார். மேலதிகாரியைக் கேளுங்கள். ஆக்டிவேட் ஆன தேதி, நேரம், மோட் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், புகார் எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள். அந்த எஸ்எம்எஸ்களை எரிச்சலில் அழித்துவிட வேண்டாம், கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அவைதான். போனில் சிம் டூல்கிட் என்று ஒரு செயலி இருக்கும். அதில் விளம்பர அறிவிப்புகளை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். வேறெதையோ டைப் செய்துகொண்டிருக்கும்போது குறுக்கே பாய்ந்து "ஓகே" கேட்கும் பெட்டிகள் அங்கிருந்துதான் வருகின்றன.

என் புகாரை இப்போது மேல்முறையீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். கடைசித் தொகை போக மீதியைத் தர மறுக்கிறார்கள், "கன்ஃபர்மேஷன் இருக்கு" என்ற ஒரே பல்லவி. அந்தக் கன்ஃபர்மேஷனைக் காட்டுங்கள் என்று எழுத்தில் கேட்டதற்குப் பதில் இல்லை. கேட்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ரீஃபண்ட் வந்தாலும் அதே மெயின் பேலன்ஸுக்குத்தான் வரும். தடை போடுவதற்கு முன்பே பணம் வந்து விழுந்தால், அடுத்த புதுப்பித்தல் அதையும் எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிடும். எனக்கு வந்த நல்லெண்ணத் தொகை அப்படித்தான் போனது.