ஆறு கேவிட்டி மினி டூப்ளெக்சர்: நம்மூர் ரிப்பீட்டருக்கு ஆகாது

ஹாம் ரேடியோ ரிப்பீட்டர் ஒரு சிக்னலை வாங்கி, அதே நேரத்தில் வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும்; இரண்டுக்கும் ஒரே ஆண்டெனா போதும்படி பிரித்து வைக்கும் வடிகட்டிப் பெட்டிதான் டூப்ளெக்சர், அதிலுள்ள உலோக அறைகள்தான் கேவிட்டி. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் இந்தச் சின்ன டூப்ளெக்சர், அமெரிக்காவில் போல யுஎச்எஃப் பேண்டில் வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் நடுவே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விட்டு ஓட்டுபவர்களுக்குச் சரி. இந்தியாவில் நமக்கு இருப்பதே 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரைதான், அந்த 5 எங்கே கிடைக்கும்? 2 மீட்டர் (விஎச்எஃப்) பேண்டிலோ இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். டிரான்ஸ்மிட்டர் கிளம்பியதுமே ரிசீவருக்குக் காது அடைத்துப்போய், தூரத்து ஹேண்டியின் (கையடக்க ரேடியோவின்) சிக்னல் முழுகிவிடும். அதற்குப் பெரிய கேவிட்டிகள்தான் வேண்டும், விலையும் இடமும் அதிகம், வேறு வழியில்லை.

எனக்கு வந்த பெட்டியில் ஒரு டியூனிங் திருகின் லாக்நட் லொடலொடத்தது, நானோவிஎன்ஏ என்ற அளவுக் கருவியில் பார்த்தால் நாட்ச் (கேவிட்டி தடுக்கும் அலைவரிசை) எங்கோ தள்ளி நின்றது. விற்றவரிடம் சொன்னேன், பதிலே இல்லை.

அப்புறம், எந்த டூப்ளெக்சர் வாங்கினாலும் ஆர்ஜி-58 கேபிள் துண்டுகளால் இணைக்காதீர்கள். இரட்டைக் கவசமுள்ள ஆர்ஜி-214 போடுங்கள். கேவிட்டி தடுத்ததைக் கேபிள் கசியவிட்டால் என்ன பிரயோஜனம்?