அயோவா விவசாயிக்கு எது தோது: காற்றாலையா, சோலாரா?

1983-லேயே புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்குச் சட்டம் போட்ட அமெரிக்க மாநிலம் அயோவா. இன்று அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. இப்போது சோலாருக்கும் குத்தகை கேட்டு வருவதால் விவசாயிகளுக்குக் குழப்பம்.

நிலம்
காற்றாலை: பாதையும் சேர்த்து, கோபுரத்துக்குச் சுமார் ஒரு ஏக்கர். சுற்றிலும் மக்காச்சோளம் வழக்கம்போல விளையும்.
சோலார்: மெகாவாட்டுக்கு 5 முதல் 10 ஏக்கர். உழவு நின்றுவிடும், ஆடு மேய்க்கலாம்.

மின்சாரம்
காற்றாலை: குளிர்காலத்திலும் இரவிலும் பலம்.
சோலார்: கோடைப் பகலில்.

தொல்லை
காற்றாலை: இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அங்கே பல வயல்களுக்கு அடியில் வடிகால் குழாய்கள் ஓடுகின்றன. கிரேன் ஏறி ஒன்று நசுங்கினால் போதும், அடுத்த மழைக்கு அந்த இடத்தில் தண்ணீர் தேங்கி, பயிர் மஞ்சளாகிவிடும். இழப்பீட்டை எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடவே கூடாது. அப்புறம், வீட்டுப் பக்கம் இறக்கையின் நிழல் விழும்.
சோலார்: சத்தம் குறைவு; ஆனால் கண்ணாடிக்கு ஆலங்கட்டி மழை எமன்.

நல்ல கரிசல் மண்ணில் தொடர்ந்து பயிர் செய்கிறவருக்குக் காற்றாலைதான் சரி. விளைச்சல் குறைந்த மேட்டு நிலமோ, உழவை விட்டுவிட நினைக்கும் வயதோ என்றால் சோலாருக்குக் கொடுக்கலாம்.