அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவே கெட்டுப்போன டிபன்

கும்பகோணத்தில் சனிக்கிழமை ராத்திரி வெளியே டிபன் சாப்பிடக் கிளம்புகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நவக்கிரகச் சுற்று வருகிற வண்டிகளில் பாதி இந்த ஊரில்தான் தங்கும். திருநள்ளாறு முடித்துத் திரும்புகிற கூட்டமும், மறுநாள் ஞாயிறு காலை சூரியனார்கோவில் போகிற கூட்டமும் எட்டு மணி வாக்கில் ஒன்றாக ஹோட்டலுக்குள் நுழையும். முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இந்தக் கூட்டத்தை அநாயாசமாகச் சமாளிக்கிற கடைகள் ஊரில் உண்டு. இது அப்படிப்பட்ட கடை இல்லை.

சைவ உணவகம். கீழே சாதா ஹாலும் சமையல் கட்டும், மாடியில் ஏ.சி. ஹால், வாசலில் நின்று குடிக்கிற காபி கவுண்டர். இதே அமைப்பும் இதே நோயும் தஞ்சாவூர், மயிலாடுதுறை வரைக்கும் பல கடைகளில் இருப்பதால் பெயர் வேண்டாம். சாப்பிட்டது மாடி ஏ.சி. ஹாலில், நான்கு பேர்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: சமையல் மோசமில்லை. மாவு சரியாகப் புளித்திருந்தது, எண்ணெயில் சிக்கு வாடை இல்லை, சாம்பாரில் பருப்பு இருந்தது. கெட்டதெல்லாம் அடுப்பை விட்டு இறங்கிய பிறகு.

உட்கார்ந்தது 7.50. முன்னால் சாப்பிட்டவர்களின் தட்டுகள் மேஜையிலேயே கிடந்தன. எடுக்க 8 மணி ஆனது. ஆர்டர் எடுத்தது 8.10. இட்லி இரண்டு பிளேட், கடப்பா இரண்டு, ஆனியன் ரவா இரண்டு, அடை அவியல் ஒன்று, நெய் ரோஸ்ட் ஒன்று. முதல் தட்டு வந்தது 8.27. கடைசியாகக் காபி 9.22. பில் 9.35. திருத்திய பில் 9.50. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட இது கல்யாணப் பந்தி இல்லை, டிபன்.

காரணம் ஆள் குறைவு என்று தோன்றலாம். ஆட்கள் இருந்தார்கள், வேலையைப் பிரித்த விதம்தான் தப்பு. பழைய ஹோட்டல்களில் ஒரு சப்ளையருக்கு நான்கைந்து மேஜை. ஆர்டர் கேட்பவரே கொண்டுவந்து வைப்பார், ஆகையால் யார் எதைச் சொன்னார் என்பது அவர் தலையிலேயே இருக்கும். பின்னாலேயே சாம்பார் வாளியும் சட்னித் தூக்குமாக ஒருவர் சுற்றிக்கொண்டிருப்பார். கேட்பதற்கு முன்னால் விழும். இங்கே கேப்டன் டேப்லெட்டில் அழுத்திவிட்டுப் போய்விடுகிறார். கீழே சீட்டு அச்சாகிறது. ஒரு பையன் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி, படி முடிகிற இடத்தில் இருக்கும் சைடு டேபிளில் வைத்துவிட்டு இறங்கிவிடுகிறான். அங்கிருந்து மேஜைக்குக் கொண்டுவர இன்னொருவர். மூன்று கை மாறுகிறது, மூவரில் ஒருவருக்கும் முழு ஆர்டர் தெரியாது. "அடை யாருக்கு?" என்று ஹால் முழுக்கக் கேட்டுக்கொண்டே போகிறார்கள். பக்கத்து மேஜைக்கு ஒரு முறை போய்த் திரும்பி வந்த தட்டும் உண்டு. பையன்களில் சிலருக்குத் தமிழ் தெரியவில்லை என்பதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை. மேஜை எண்ணைத் தட்டோடு ஒரு துண்டுச் சீட்டில் அனுப்பினால் தமிழே வேண்டாம். அதைச் செய்யாதது முதலாளி.

அந்த சைடு டேபிள்தான் இந்தக் கடையின் வியாதி. உட்கார்ந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. இரண்டு ஆனியன் ரவா வந்து இறங்கின, ஒன்றின் மேல் ஒன்றாக. மேலே ஏ.சி. காற்று. ஏழு நிமிடம் அப்படியே இருந்தன.

ரவா தோசைக்கு ஏழு நிமிடம் என்றால் என்ன ஆகும்? ரவை ஒரு பங்கு, அரிசி மாவு ஒரு பங்கு, மைதா அரைப் பங்குக்கு உள்ளே, தண்ணீர் ஐந்தாறு பங்கு, மோர் பதத்தில் கரைத்து அரை மணி ஊறவிடுகிற மாவு அது. கல்லில் தேய்க்க மாட்டார்கள், உயரத்திலிருந்து வீசி ஊற்றுவார்கள். தண்ணீர் சுண்டச் சுண்டத்தான் வலை விழும், மொறுமொறுப்பு ஏறும். அதனால்தான் சாதா தோசை இரண்டு மூன்று நிமிடத்தில் வந்தால் இது ஐந்தாறு நிமிடம் எடுக்கிறது. அந்த மொறுமொறுப்புக்கு எதிரி அதன் சொந்த ஆவியே. மடித்த தோசையைத் தனியாக, காற்றோட்டமாக வைத்தால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் அடியில் இருப்பது மேலே இருப்பதன் ஆவியிலேயே வேகிறது. மேஜைக்கு வந்தபோது ஓரத்தை ஒடித்தால் ஒடியவில்லை, துணி மாதிரி மடிந்தது. மேல் தோசை பரவாயில்லை, கீழ்த் தோசை ரப்பர். அதுவும் இரண்டும் ஒரே மாவு, ஒரே மாஸ்டர், ஒரே ஈடு. வலை நன்றாக விழுந்திருந்ததும், நடுவில் ரவை நறநறக்காததும், மாவை அடிவரை கலக்கித்தான் ஊற்றியிருக்கிறார் என்பதற்குச் சாட்சி. பாவம், அவர் ஒழுங்காகத்தான் சுட்டிருக்கிறார்.

தாமதத்துக்கு இன்னொரு காரணம் பார்சல். கல் ஒன்றுதான், அதில் ஒரு தடவைக்கு ஏழெட்டு தோசை. கீழே ஆன்லைன் ஆர்டர் எடுக்க வருகிறவர்கள் கவுண்டரில் முட்டிக்கொண்டு நிற்பதால் அந்தச் சீட்டுகள்தான் முதலில் கல்லுக்குப் போகின்றன. எட்டிலிருந்து ஒன்பதரை வரை மாடிக்காரர்களுக்கு மிச்ச இடம்.

இட்லிக்கு வருவோம். இட்லி 8.27-க்கு வந்தது. கடப்பா 8.39-க்கு. கும்பகோணம் பக்கத்துக் கடப்பா தெரியாதவர்களுக்காக: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து குழைந்து, தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, கசகசா, கொஞ்சமே கொஞ்சம் பொட்டுக்கடலை அரைத்து விட்டு, பட்டை கிராம்பு தாளித்து, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிகிற தொட்டுக்கை. நான்கு பேருக்கு அரைக் கப் பருப்பு, நடுத்தர உருளைக்கிழங்கு இரண்டு, கால் மூடித் தேங்காய், பொட்டுக்கடலை ஒரு ஸ்பூன் போதும். காரம் பச்சை மிளகாயில்தான். மிளகாய்த்தூள் விழுந்தால் அது குருமா. இட்லியின் மேல் ஊற்றினால் ஓட வேண்டும், ஆனால் ரசம் மாதிரி ஓடக் கூடாது.

இங்கே வந்த கிண்ணத்தில் கரண்டியை நிறுத்தினால் நின்றது. மேலே ஏடு கட்டியிருந்தது. சாயங்காலமே செய்து வைத்த கடப்பா, பருப்பும் பொட்டுக்கடலையும் இழுத்துக்கொண்டு இறுகிவிட்டது. இது இயல்புதான், எல்லாக் கடையிலும் நடக்கும். பரிமாறும் முன் கொதிநீர் விட்டு ஒரு கொதி காட்டி, புதிதாக எலுமிச்சை பிழிந்தால் உயிர் வந்துவிடும். இங்கே எலுமிச்சை பிழிந்ததைத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணியிருக்கிறார்கள். நாக்கின் பின்பக்கம் லேசான கசப்பு அதனால். ருசிக்கு அடிப்படை சரியாக இருந்தது என்பதுதான் எரிச்சல். சோம்பு அளவாக இருந்தது, உருளைக்கிழங்கைத் துண்டு துண்டாக விடாமல் கையால் மசித்திருந்தார்கள். அதற்குள் இட்லி பன்னிரண்டு நிமிடம் காய்ந்து, மேல்தோல் கெட்டியாகிவிட்டது. சட்னி ஒரே ஒரு முறை, சின்னக் கிண்ணத்தில். இரண்டாவது தடவைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்தபோது இட்லி முடிந்துவிட்டது.

நன்றாக இருந்தது அடை. கனமாக வார்த்து, நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் சிவக்க எடுத்திருந்தார்கள். கடலைப்பருப்பின் கொரகொரப்பு வாயில் தெரிந்தது. அவியலில் காய் குழையவில்லை. கூடவே வெல்லமும் வெண்ணெயும். சைடு டேபிளில் இதுவும் ஐந்து நிமிடம் காத்திருந்தது, ஆனால் அடை அதைத் தாங்கும். கனமும் பருப்பும் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இந்தக் கடையில் எது பிழைக்கும், எது பிழைக்காது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. நெய் ரோஸ்ட் வரவே இல்லை. 9 மணிக்கு வேண்டாம் என்று சொன்னோம், கேப்டன் தலையாட்டினார்.

தட்டைப் பற்றிக் கொஞ்சம். எவர்சில்வர் தட்டின் மேல் இலை படம் போட்ட பச்சை பிளாஸ்டிக் தாள். திருவையாறு பக்கம் காவிரிக் கரையோரம் எங்கே பார்த்தாலும் வாழைத் தோட்டம். நறுக்கு இலை கட்டுக் கட்டாக வந்திறங்குகிற ஊர் இது. இங்கே வாழை இலை படம்! தட்டில் விரிக்கிற பிளாஸ்டிக் தாள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சூடான இட்லியை அதன் மேல் வைக்கும்போது தாள் சுருங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. இலை கேட்டால் தருகிறார்கள், ஆனால் கேட்க வேண்டும்.

அசோகா இரண்டு. திருவையாற்று அசோகா என்பது வேகவைத்துக் குழைத்த பாசிப்பருப்பு, கொஞ்சம் கோதுமை மாவு, பருப்பைப் போல இரண்டு பங்குக்குக் குறையாத சர்க்கரை, தாராளமாக நெய் சேர்த்துக் கிளறுவது. கிண்டி முடித்த பதம் தெரிவது ஓரத்தில் நெய் கக்குவதில். வந்தது ஃபிரிட்ஜிலிருந்து நேராக. நெய் வெள்ளையாக உறைந்து மேலே பொருக்காக இருந்தது. சூடு பண்ணித் தரச் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுப் போனவர் திரும்பவில்லை.

காபி. டிகிரி காபி என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு, தண்ணீர் கலக்கவில்லை என்று லாக்டோமீட்டரில் டிகிரி பார்த்த பால் என்றும், முதல் டிகாக்‌ஷன் என்றும் இரண்டு விளக்கம் சொல்வார்கள். எப்படியானாலும் கள்ளிச்சொட்டு மாதிரி பாலும் அப்போது இறங்கிய டிகாக்‌ஷனும் வேண்டும். டிகாக்‌ஷன் மணமாகவே இருந்தது, அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்ட காட்டம் இல்லை. பாலும் கெட்டி. ஆனால் வெதுவெதுப்பு. பித்தளை டபரா செட் பார்க்க அழகு, ஏ.சி. ஹாலில் குளிர்ந்து கிடந்த கனமான பித்தளை, ஊற்றிய சூட்டை முதலில் தானே குடித்துவிடும். அதனால்தான் தெரிந்த காபி மாஸ்டர்கள் டம்ளரை வெந்நீரில் அலசிவிட்டு ஊற்றுவார்கள். அலசாத டம்ளர், படிக்கட்டு, சைடு டேபிள்: மூன்றையும் தாண்டி எந்தக் காபியும் சூடாக வராது.

பில் 1,191 ரூபாய். பிரித்துப் பார்த்தால்: இட்லி 90, கடப்பா 100, ஆனியன் ரவா 240, அடை 130, வராத நெய் ரோஸ்ட் 140, அசோகா 120, காபி 180, தண்ணீர் பாட்டில் இரண்டு 80. ஆக 1,080. அதன் மேல் சேவைக் கட்டணம் 5 சதவீதம், 54. இரண்டையும் கூட்டி அதன் மேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 56.70.

சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். அந்த எண்ணைச் சொன்னதுமே இங்கே எடுத்துவிட்டார்கள். தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் வீணாகச் சண்டை போட வேண்டாம். உட்கார வைத்துப் பரிமாறுகிற உணவகம் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்காமல் கொண்டுவந்து மூடியைத் திருகும்போதே, சாதாத் தண்ணீர் போதும் என்று சொல்லிவிடுவதுதான் வழி.

நெய் ரோஸ்ட்டை நீக்கத்தான் கால் மணி நேரம். கேப்டன் டேப்லெட்டில் ரத்து செய்ய முடியாது, சூப்பர்வைசர் கீழே கல்லாவில் பாஸ்வேர்டு போட வேண்டுமாம். திருத்திய கணக்கு 940, வரி 47, மொத்தம் 987. வித்தியாசம் 204 ரூபாய். பில்லைப் படிக்காமல் பணம் கட்டுகிற மேஜைகள் எத்தனையோ.

இந்தக் கடைக்குப் போயே ஆக வேண்டுமென்றால் ஏழு மணிக்கு முன்னால் போங்கள், மாடி ஏறாதீர்கள். சாதா ஹாலில் சமையல் கட்டு பத்தடி தூரம். தட்டு ஒரே கையில் வருகிறது, வாளிக்காரரும் இருக்கிறார். விலை மட்டும் குறைவு, ஜி.எஸ்.டி. இரண்டு ஹாலுக்கும் அதே 5 சதவீதம்தான். மாடியில்தான் இடம் என்றால் அடை சொல்லுங்கள். ரவா தோசையைத் தொடாதீர்கள். கடப்பாவை முதலில் கொண்டுவரச் சொல்லி, அது மேஜைக்கு வந்த பிறகு இட்லி சொல்லுங்கள். காபி மாடியில் வேண்டாம். வாசல் கவுண்டரில் அதே மாஸ்டர், அதே டிகாக்‌ஷன், 25 ரூபாய். டம்ளர் எவர்சில்வர்தான், விளிம்பைத் தொட முடியாத சூடு.