குமிழ் இருந்தால் மட்டும் போதாது: டர்பனில் டிஏசி வாங்கப் போகிறவர்களுக்கு

டிஜிட்டல் இசையை மின்னலையாக மாற்றும் டிஏசி என்ற கருவியில் வால்யூம் உள்ளதாக ஒன்றை வாங்கி, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்ளிஃபையரில் நேராக மாட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். முன்பக்கத்தில் அழகான குமிழ் இருக்கும். ஆனால் அது எந்தத் துளைக்கு வேலை செய்கிறது என்பது வேறு விஷயம். ஹெட்ஃபோனுக்கு மட்டும் கூட்டிக் குறைத்துவிட்டு, பின்பக்கம் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் இணைப்பில் எப்போதும் முழு அளவைத் தள்ளிக்கொண்டிருக்கும் கருவிகள் சந்தையில் ஏராளம். அந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரியாத, அல்லது சொல்ல மனமில்லாத, ஒரு கடையால் என் இடது ஸ்பீக்கரில் உச்சஸ்தாயியைப் பாடும் சிறு பாகமான ட்வீட்டர் கருகியது. விவகாரம் முடியாததால் கடையின் பெயரைப் போடவில்லை.

எங்கள் வீடு டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில். பவர் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர்களும் பழையவை, ஆனால் கெட்டியானவை. படுத்துவிட்டது, அவற்றுக்கு முன்னால் நின்று ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீ ஆம்ப்ளிஃபையர்தான். அதற்கு உதிரிபாகம் இனி கிடைக்காது என்று பழுது பார்ப்பவர் கைவிரித்துவிட்டார். நான் கேட்பதோ கணினியில் சேர்த்து வைத்திருக்கும் நாதஸ்வரக் கச்சேரிகள், குறுந்தகடுகளிலிருந்து எடுத்து வைத்த பாட்டுகள், காலையில் இணையம் வழியாக லோட்டஸ் எஃப்எம் வானொலி. எல்லாமே டிஜிட்டல். அந்த எண்களை ஆம்ப்ளிஃபையர் புரிந்துகொள்ளும் மின்னலையாக மாற்றுவதுதான் டிஏசியின் வேலை. அதிலேயே வால்யூமும் இருந்துவிட்டால் ப்ரீ ஆம்ப்ளிஃபையர் தேவையில்லை. யோசனையில் கோளாறு எதுவும் இல்லை. உலகம் முழுக்கப் பலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

நகரின் வடக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடைத்தொகுதிக்குள் இருக்கிறது அந்தக் கடை. போவதற்கு முன் வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டேன்: "என்னிடம் ப்ரீ ஆம்ப்ளிஃபையர் இல்லை. இந்தக் கருவியின் பின்பக்க ஆர்சிஏ வெளியீட்டை நேராகப் பவர் ஆம்ப்ளிஃபையரில் கொடுத்து, இதன் குமிழாலேயே ஸ்பீக்கர் ஒலியைக் கூட்டிக் குறைக்க வேண்டும். முடியுமா?" ஆர்சிஏ என்பது ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் சாதாரண ஒலிக்கம்பியைச் செருகும் துளை. பதில் சில நிமிடங்களில் வந்தது: "தாராளமாக முடியும் அங்கிள். அதற்குத்தானே குமிழ் வைத்திருக்கிறார்கள்." ஒன்பதாயிரம் ராண்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்து வாங்கி வந்தேன். பெட்டியில் ஒட்டுநாடாவின் மேலேயே இன்னொரு ஒட்டுநாடா இருந்தது. ரிமோட் இருந்த பையும் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. எனக்கு முன்பே யாரோ இதே காரணத்துக்காக அதைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

குமிழை அடியோடு குறைத்து வைத்துவிட்டுத்தான் ஆம்ப்ளிஃபையரை இயக்கினேன். நாதஸ்வரமும் தவிலும் ஒரே நேரத்தில் எழும் இடம் வந்ததும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். குமிழைப் பிடித்துத் திருகித் திருகிப் பார்க்கிறேன், ஒரு மாற்றமும் இல்லை. எட்டி சுவர் சுவிட்சை அணைப்பதற்குள் ஒரு பக்கத்து உச்சஸ்தாயி போய்விட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் இதைச் சொல்லப்போவதில்லை. டிஏசிகள் ஆர்சிஏ வழியாக வெளிவிடும் முழு அளவு பொதுவாக 2 வோல்ட். சிடி பிளேயர் காலத்திலிருந்து நிலைத்துவிட்ட அளவு அது. மூன்று முனை கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பில் இது பெரும்பாலும் 4 வோல்ட்டாக இருக்கும். என் ஆம்ப்ளிஃபையரின் பெருக்கம் 29 டெசிபல், அதாவது ஏறக்குறைய 28 மடங்கு. 1 வோல்ட் உள்ளே போனாலே 28 வோல்ட் வெளியே வரும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது ஏறத்தாழ 100 வாட். மாலையில் வீட்டில் நாம் கேட்கும் ஒலிக்கு ஒரு வாட் கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. 2 வோல்ட் உள்ளே நுழைந்தால் ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையைத் தாண்டி அலையின் தலையை வெட்டத் தொடங்கும். அப்படி வெட்டுப்பட்ட அலையில் உயர் அதிர்வெண்கள் புதிதாக முளைத்து நேராக ட்வீட்டருக்குப் போகும். மெல்லிய கம்பிச் சுருள் எவ்வளவு சூட்டைத் தாங்கும்?

மறுநாள் கடைக்குப் போனேன். மேலாளர் கருவியை ஒரு ஹெட்ஃபோனில் மாட்டி, குமிழைத் திருப்பி, "பாருங்கள் சார், நன்றாகத்தானே வேலை செய்கிறது" என்றார். வேலை செய்கிறதுதான். நான் கேட்ட வேலையைச் செய்யவில்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'லைன் அவுட்' (எப்போதும் முழு அளவு) என்று அச்சிடப்பட்டிருக்கிறது, 'ப்ரீ அவுட்' (குமிழுக்குக் கட்டுப்படுவது) என்று இல்லை. அதைப் பார்த்து நானே புரிந்துகொண்டிருக்க வேண்டுமாம். அடுத்து, பிரித்த பெட்டியைத் திரும்ப எடுத்தால் இருபது சதவீதம் கழிப்போம், மீதியும் பணமாக வராது, கடைக்குள் செலவழிக்கும் சீட்டாகத்தான் வரும் என்றார். கடைசியாக ஒரு படிவம் வந்தது. அதில் 'கோளாறு இல்லை, வாடிக்கையாளர் தவறாக இணைத்துள்ளார்' என்று முன்கூட்டியே நிரப்பியிருந்தார்கள். வெறும் பெற்றுக்கொண்ட சீட்டு, கையெழுத்துப் போடுங்கள் என்றார் பக்கத்தில் நின்ற பெண். நான் போடவில்லை. நீங்களும் போடாதீர்கள். எதில் கையெழுத்திட்டாலும் உங்கள் வாக்கியத்தை உங்கள் கையாலேயே அதில் எழுதிவிட்டுப் போடுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம், இந்த இடத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது. ஒரு பொருள் என்ன காரியத்துக்கு வேண்டும் என்று வாங்குபவர் குறிப்பாகச் சொல்லியிருந்து, அந்தத் துறை தெரிந்தவராக நடந்துகொண்டு கடை அதை விற்றிருந்தால், அந்தக் காரியத்துக்கு அது பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இது 55-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு. பொருந்தாவிட்டால் ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரலாம். பழுது நீக்குவதா, மாற்றுவதா, பணத்தைத் திரும்பத் தருவதா என்பதைத் தேர்ந்தெடுப்பவர் வாங்கியவர், கடை அல்ல. இது 56-ஆம் பிரிவு. 'பிரித்த பெட்டி திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் எழுதித் தொங்கவிட்டிருக்கும் பலகை இந்த உரிமையை அழித்துவிடாது. இதே சட்டத்தின் 20-ஆம் பிரிவும், சொன்ன காரியத்துக்குப் பொருந்தாத பொருளைக் கையில் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வழி விடுகிறது. ஆகவே நேரில் வாயால் கேட்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். என் பக்கம் இருந்த ஒரே ஆயுதம் அந்த வாட்ஸ்அப் செய்திதான். அதைக் காட்டியதும் மேலாளரின் குரல் ஒரு படி இறங்கியது.

இறங்கிய குரல் இன்னொரு யோசனை சொன்னது. கூடுதலாக இரண்டாயிரம் ராண்ட் போட்டால் வேறொரு கருவி தருகிறோம், அதில் பின்பக்க வெளியீட்டுக்கும் குமிழ் வேலை செய்யும். அதுவும் 32 பிட் வால்யூம், தரம் துளியும் குறையாது.

இந்த 32 பிட் பேச்சைப் பற்றி இரண்டு வார்த்தை. எண்களைக் குறைத்து ஒலியைக் குறைப்பதுதான் டிஜிட்டல் வால்யூம். அந்த எண்ணை எழுதும் ஓர் இலக்கம்தான் பிட்; ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல். 16 பிட் பாட்டை 16 பிட்டுக்குள்ளேயே 40 டெசிபல் குறைத்தால் ஆறேழு பிட் போய்விடும்; அது மோசம். கணக்கை 32 பிட்டில் செய்தால் அந்த இழப்பு இல்லை, அந்த அளவுக்கு விற்பனையாளர் சொல்வது சரி. அவர் சொல்லாத பாதி இதுதான்: கருவியின் வெளியீட்டுச் சுற்றில் எப்போதும் இருக்கும் மெல்லிய இரைச்சல் குமிழுக்குக் கட்டுப்படாது. முழு அளவில் இசைக்கும் இரைச்சலுக்கும் இடையே 120 டெசிபல் இடைவெளி உள்ள நல்ல கருவி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 40 டெசிபல் குறைத்தால் இசை இறங்கும், இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும். மிஞ்சுவது 80. குறுந்தகட்டின் 96-ஐ விடவும் குறைவு. சாதாரண அறையில் இது பெரும்பாலும் காதில் விழாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பெருக்கம் அதிகமான ஆம்ப்ளிஃபையரும் சிறிய மின்சாரத்துக்கே பெரிதாகப் பாடும் ஸ்பீக்கரும் வைத்திருப்பவர்கள் ட்வீட்டர் அருகே காதை வைத்தால் 'ஸ்ஸ்' என்று கேட்கும். பவர் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் 10 அல்லது 20 டெசிபல் குறைக்கும் சிறிய தடுப்பான்களைச் செருகினால் இது தீரும். உள்ளே இருப்பது சில மின்தடைகள் மட்டுமே. அனலாக் வால்யூம் உள்ள கருவியில் இசையும் அதற்கு முந்தைய இரைச்சலும் சேர்ந்தே இறங்கும், அது அதன் மேன்மை. ஆனால் மலிவான சுழல் குமிழில் மிகக் குறைந்த ஒலியில் இடமும் வலமும் ஒன்றுபோல் ஒலிக்காது. ரிலேக்கள் எனப்படும் சிறு மின்சுவிட்சுகளால் மின்தடைகளை மாற்றும் வகை நல்லது. திருப்பும்போது டக் டக்கென்று சத்தம் வரும், விலையும் கூட.

மாற்றுக் கருவியை எனக்குக் காட்டிய கடை இளைஞரிடம் இதையெல்லாம் விவாதிக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன்: "தம்பி, இப்போது வால்யூமைக் குறைத்து வையுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு மறுபடி செருகுங்கள்." செருகினார். கருவி விழித்தது. திரையில் 0 டெசிபல்.

"பார்த்தீர்களா அங்கிள், சைபரில்தான் வந்து நிற்கிறது. பயமே இல்லை" என்றார்.

இந்தக் கருவிகளில் 0 டெசிபல் என்றால் மௌனம் இல்லை, உச்சம். கழித்தல் குறியோடு வரும் எண்கள்தான் குறைவான ஒலி. "அப்படியானால் ஹெட்ஃபோனை நீங்களே காதில் மாட்டிக்கொண்டு பாட்டைப் போடுங்கள்" என்றேன். அவர் நிஜமாகவே மாட்டப் போனார். மேலாளர்தான் பாய்ந்து வந்து அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி மேசையில் வைத்தார். ஆக, மேலாளருக்குத் தெரிந்திருக்கிறது. மின்சாரம் நம் நாட்டில் எப்படி வந்து போகிறது என்று அவருக்குச் சொல்லியா தர வேண்டும்? 2023-ல் லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு ஒரே நாளில் எத்தனை முறை வந்தது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். அது ஓய்ந்த பிறகும் கேபிள் திருட்டு இருக்கிறது, மழை இருக்கிறது. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மின்சாரம் போய்த் திரும்பி, பாட்டு ஓடிக்கொண்டிருந்த கணினியும் கருவியும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக விழித்துக்கொண்டால் இன்னொரு ட்வீட்டருக்கு அஞ்சலி செலுத்த வேண்டியதுதான். சில கருவிகளில் இதை மாற்றும் அமைப்பு மெனுவுக்குள் இருக்கும். இதில் இல்லை, கையேட்டைக் கடையிலேயே வாங்கிப் படித்துவிட்டேன்.

ஆகவே கடையில் நின்றபடியே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பின்பக்க வெளியீடு குமிழுக்குக் கட்டுப்படுகிறதா என்பதை ஸ்பீக்கர் இல்லாமலேயே சோதிக்கலாம்: 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை முழு அளவில் ஓடவிட்டு, மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆர்சிஏ முனையில் அளந்து பாருங்கள். முழுக் குமிழில் 2 வோல்ட் அளவில் காட்டினால், 20 டெசிபல் குறைத்ததும் 0.2 காட்ட வேண்டும். அசையாமல் 2-லேயே நின்றால் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். கருவியிலேயே 'ஃபிக்ஸ்டு' (மாறாத முழு அளவு), 'வேரியபிள்' (குமிழுக்குக் கட்டுப்படுவது) என்று இரண்டு நிலை இருந்தால், மின்சாரம் போய் வந்த பிறகு எந்த நிலையில் எழுகிறது என்பதையும் பாருங்கள்.

மாற்றுக் கருவியை மறுத்துவிட்டு, பிரிவு எண்களைக் குறிப்பிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் புகார் பதிந்தேன். நுகர்வோருக்கு அது இலவசம், முதலில் கடையிடமே எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. புகார் போனதும் கடைக்குத் திடீரென்று என் வங்கிக் கணக்கு எண் தேவைப்பட்டது. கருவியின் முழுத் தொகையும் வந்துவிட்டது, இருபது சதவீதக் கழிவு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ட்வீட்டருக்கு மட்டும் காலணா தர முடியாது என்கிறார்கள். அதே சட்டத்தின் 61-ஆம் பிரிவு, போதிய அறிவுறுத்தலோ எச்சரிக்கையோ தராததால் உடைமைக்கு நேரும் சேதத்தையும் பொறுப்புக்குள் கொண்டுவருகிறது. சிறு வழக்குகள் நீதிமன்றம் 2019 முதல் 20,000 ராண்ட் வரை விசாரிக்கிறது. வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை, நாமே பேச வேண்டும்; அதற்கு முன் 14 நாள் அவகாசம் கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டேன். ஒப்புகைச் சீட்டும், கருகிய ட்வீட்டரும், அந்த வாட்ஸ்அப் செய்தியின் அச்சுப்படியும் ஒரே உறையில் இருக்கின்றன.

இப்போதைக்கு வால்யூம் இல்லாத மலிவான டிஏசி ஒன்றையும், அதற்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே வெறும் 10 கிலோ ஓம் சுழல் குமிழ் மட்டும் உள்ள ஒரு தகரப் பெட்டியையும் வைத்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுத் தடை 47 கிலோ ஓம் என்பதால் ஒத்துப்போகிறது. குமிழுக்கு அப்பால் போகும் கம்பி மட்டும் ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். மின்சாரமே தேவைப்படாத பெட்டி என்பதால் மின்சாரம் போய் வந்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கிறது. ரிமோட் கிடையாது, எழுந்து போய்த்தான் திருக வேண்டும். இடது பக்கத்தில் இரவல் ட்வீட்டர் ஒன்று பாடிக்கொண்டிருக்கிறது.