கொழுகொழு பாப்பாவுக்கு துணி: சைஸ் ஏத்தி ரெடிமேடா, திருப்பூர் பனியன் துணியா, டெய்லர்கிட்ட குடுத்து தைக்கிறதா?

எங்க பாப்பா நல்லா புஷ்டியான குழந்தை. மணிக்கட்டுல ரப்பர் பேண்ட் போட்ட மாதிரி மடிப்பு, தொடையில அடுக்கடுக்கா மடிப்பு, கழுத்த தேடித்தான் பவுடர் போடணும். டாக்டர் வளர்ச்சி சார்ட்ல குறிச்சு பாத்துட்டு நல்லா வளர்றா, பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க, அதனால எடையப் பத்தி இங்க பேசப்போறதில்ல. துணி மட்டும்தான். எங்க வீட்டுல இப்போ மூணு வகையும் இருக்கு: சொந்தக்காரங்க குடுத்த ரெடிமேட் செட், திருப்பூர்ல எடுத்த பனியன் துணி ஐட்டம், பக்கத்து தெரு டெய்லரக்கா தச்சு குடுத்த ஜப்லாவும் கவுனும். தினமும் கை போறது மூணாவது அடுக்குக்குத்தான், ஏன்னு சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். டயப்பர் பாக்கெட்ல கிலோ கணக்கு போட்டிருக்கும், ஆனா துணியில மாசக் கணக்குதான் இருக்கும். 3-6, 6-9, 9-12ன்னு. உலக சுகாதார நிறுவனம் 2006ல வெளியிட்ட வளர்ச்சி சார்ட்படி 6 மாச பெண் குழந்தையோட நடுவாந்திர எடை 7.3 கிலோ, உயரம் 65.7 செ.மீ. அதே 6 மாசத்துல 9 கிலோ இருக்குற பிள்ளையும் அந்த சார்ட்டோட மேல் கோட்டுக்குள்ளதான் வருது. கடைக்காரருக்கு ரெண்டு பேருமே ஒரே "6 மாச பாப்பா". மாசத்த சொல்லி துணி கேட்டா நம்ம பிள்ளைக்கு பத்தாம போறதுக்கு இதுதான் காரணம், குழந்தை மேல குறை ஒண்ணும் இல்ல.

சரி, சைஸ் ஏத்தி வாங்குறது. எல்லாரும் முதல்ல சொல்ற யோசனை இதுதான், எங்க அத்தையும் இதையேதான் சொன்னாங்க. இதுல என்ன சிக்கல்னா சைஸ் ஏறும்போது நீளம்தான் அதிகமா ஏறும், சுத்தளவு கொஞ்சம்தான் ஏறும். வெளிநாட்டு அளவுல 62, 68, 74, 80ன்னு போட்டிருக்கும் பாருங்க, அது குழந்தையோட உயரம் செ.மீ.ல. ஒவ்வொரு படிக்கும் உயரம் 6 செ.மீ. கூடுது, ஆனா பெரும்பாலான சார்ட்ல மார்பு சுத்தளவு சுமாரா 2 செ.மீ.தான் கூடுது. அப்போ உங்க பிள்ளைக்கு வயித்துப்பக்கம் 6 செ.மீ. பத்தலன்னா மூணு சைஸ் ஏத்தணும், மூணு சைஸ் ஏத்துனா 18 செ.மீ. உயரம் கூடுன பிள்ளைக்கு தச்ச நீளம் வந்துடும். தோள் கீழ எறங்கும், கை விரல மூடும், பேண்ட் பாதத்துக்கு கீழ தொங்கும், இவ்வளவுக்கு அப்புறமும் தொடையில டைட்டாவே இருக்கும். தவழுற குழந்தைன்னா நீளமான பேண்ட் முட்டிக்கு கீழ மாட்டி முன்னாடி போகவே விடாது. கையயும் காலயும் மடிச்சு விடலாம், ஆனா நாள் முழுக்க நாமதான் திரும்ப திரும்ப மடிச்சுக்கிட்டு இருக்கணும்.

ரெடிமேட்ல நல்லதும் இருக்கு, இல்லன்னு சொல்லல. கல்யாணம் காதுகுத்துன்னு போனா சட்டுனு எடுத்து மாட்டலாம், கலர் டிசைன் எல்லாம் அழகு. தோள்ல ஒண்ணு மேல ஒண்ணு மடிஞ்ச மாதிரி கழுத்து வச்சு வர்ற துணியா பாத்து எடுத்தா தலை வழியா இழுக்காம கீழ்பக்கமா கழட்டலாம், குண்டு கன்னம் இருக்குற பிள்ளைக்கு அது பெரிய உதவி. கீழ டிச் பட்டன் வச்ச ஒன்சி மட்டும் யோசிச்சு வாங்குங்க, தோள்ல இருந்து கவட்டு வரைக்கும் உள்ள தூரம் பத்தலன்னா பட்டன் தானா புட்டு புட்டுன்னு விட்டுக்கும், துணி டயப்பர் கட்டுற வீடுன்னா இன்னும் சீக்கிரமே விட்டுக்கும்.

அடுத்தது திருப்பூர் பனியன் துணி. நாங்க கோயம்புத்தூர், அதனால திருப்பூர் காதர்பேட்டை மார்க்கெட் போய் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்ல அள்ளிட்டு வர்றது எங்களுக்கு கஷ்டமில்ல, தூரத்துல இருக்குறவங்களுக்கு இது அவ்வளவு சுலபமா இருக்காது. அங்க கிடைக்கிற வெளிநாட்டு ஆர்டர் மிச்சத்துல செ.மீ. அளவு லேபிள்ல இருக்குறதால மாசக் கணக்கு குழப்பம் கிடையாது, டேப் எடுத்துட்டு போய் குழந்தை உயரத்தோட ஒப்பிட்டு எடுக்கலாம். பனியன் துணியிலயே பின்னல் வகை பல இருக்கு. எடுத்தா வரி வரியா பின்னுன ரிப் துணியா எடுங்க, அகலவாக்குல நல்லா இழுபடும், குண்டு பிள்ளைக்கு அதுதான் வேணும். இன்டர்லாக் கொஞ்சம் கனமா மெத்துன்னு இருக்கும், இழுவை ரிப் அளவுக்கு வராது. சிங்கிள் ஜெர்சி லேசு, வெயிலுக்கு நல்லது, ஆனா ஓரம் சுருண்டுக்கும்.

இது ரெடிமேட் சைஸ் ஏத்துறத விட நிச்சயமா மேல். ஆனா ரெண்டு குறை. ஒண்ணு, பருத்தி பின்னல் துணி துவைக்க துவைக்க நீளத்துல சுருங்கி அகலத்துல விரியும், ஃபேக்டரியிலயே சுருக்கம் எடுத்துட்டு வர்ற துணி தப்பிச்சுக்கும், மத்தது வயித்துக்கு மேல ஏறி நிக்கும். எலாஸ்டேன், அதாவது ரப்பர் மாதிரி இழுபடுற நூல், கலந்தது நல்லா புடிச்சு நிக்கும், ஆனா சுடுதண்ணியும் ப்ளீச்சும் அதுக்கு ஆகாது, குழந்தை துணிய சுடுதண்ணில அலசாம வீட்டுப் பெரியவங்க விடவும் மாட்டாங்க. ரெண்டாவது, உடம்போட ஒட்டி இருக்குற துணி அது. கொழுகொழு பிள்ளைக்கு வேர்க்குறதே மடிப்புக்குள்ளதான், அக்குள், தொடை இடுக்கு, கழுத்துக்கு கீழ. அங்க காத்து போகாம ஈரம் நின்னா செவந்து போய் வேர்க்குரு மாதிரி வரும். ஏப்ரல் மே வெயில்ல டைட்டான பனியன் துணிய நான் தொடமாட்டேன். மழைக்காலத்துக்கும் ராத்திரிக்கும் அதே துணிதான் எங்களுக்கு கை குடுக்குது.

இப்போ டெய்லர் கதைக்கு வர்றேன். இத பெரிய விஷயமா யாரும் பேசுறதில்ல, பாட்டி காலத்து ஐடியான்னு ஒதுக்கிடுறாங்க. மல் துணி இல்ல மெல்லிசான காட்டன் ஒரு மீட்டர் எடுத்தா கை இல்லாத ஜப்லா ரெண்டு மூணு தாராளமா வரும். தையக்கூலியும் சேத்துப் பாத்தாக்கூட மால்ல ஒரு செட் எடுக்குற காசு ஆகாது. ஆனா நான் காசுக்காக சொல்லல. அகலம் எவ்வளவு வேணுமோ அவ்வளவு வச்சு, நீளத்த குழந்தைக்கு ஏத்த மாதிரி வைக்க முடியுறது இந்த ஒரு வழியிலதான். ரெடிமேட்ல ரெண்டும் ஒண்ணா கட்டிக்கிட்டு வருது, இங்க தனித்தனி.

இதுக்கு மேல ஒரு காரணம் இருக்கு, என்னைய முடிவு பண்ண வச்சது அதுதான். டெய்லரக்கா அளவெடுக்கும்போது கேட்டாங்க, "ஏனுங் அம்மிணி, பாப்பாளுக்கு இன்னும் ஒடம்பு போடுமா, இல்ல உசரம் போடுமா?" "தெரியலைங்க்கா"ன்னு சொன்னேன். "அப்ப பக்கவாட்டுல கொஞ்சம் உள்ள விட்டுக்கறேன், அடியில நல்லா மடிச்சு தச்சுடறேன், வேணுங்கறப்ப பிரிச்சுக்கலாம் சாமி"ன்னாங்க. வீட்டுக்கு வந்து அந்த சார்ட்ட மறுபடி எடுத்து பாத்தேன். பெண் குழந்தை நடுவாந்திரமா பொறக்கும்போது 3.2 கிலோ, 6 மாசத்துல 7.3, ஒரு வயசுல 8.9. அதாவது முதல் ஆறு மாசத்துல 4 கிலோவுக்கு மேல ஏறுது, அடுத்த ஆறு மாசத்துல 1.6 கிலோதான். ஆனா உயரம் அப்படி நிக்கிறதில்ல, 65.7ல இருந்து 74 செ.மீ. வரைக்கும் போகுது. தவழ ஆரம்பிச்சு, புடிச்சு நின்னு, நடக்கப்போகும்போது குண்டு பிள்ளைங்க பல பேர் அகலத்துல பெருசா கூடாம மேல்வாக்குல வளருவாங்க. அப்போ இன்னைக்கு அகலமா தச்ச கவுன் ஒரு வயசு தாண்டியும் அகலத்துல பத்தும், பத்தாம போறது நீளம் மட்டும்தான். அந்த நீளம் அடியில மடிச்ச மடிப்புக்குள்ளயே இருக்கு! ரெண்டு இஞ்ச் மடிப்பு விட்டா 5 செ.மீ. ஆச்சு. பிரிச்சு விட்டு ஒரு இஸ்திரி போட்டா முடிஞ்சது. வேற எந்த துணியும் பிள்ளையோட சேந்து வளராது, இது வளருது. எங்க பாப்பா கவுன் ஒண்ணு ஏற்கனவே ஒரு தடவை அடி பிரிச்சு விட்டாச்சு, பழைய மடிப்புக் கோடு லேசா தெரியுது, அது மேலயே ஒரு லேஸ் வச்சு தச்சுட்டோம்.

எலாஸ்டிக்கும் அப்படித்தான். ரெடிமேட் பேண்ட்ல பெரும்பாலும் எலாஸ்டிக்க துணியோட சேத்தே அடிச்சிருப்பாங்க, டைட்டா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. டெய்லர்கிட்ட இடுப்புல பட்டி வச்சு, ஓரத்துல சின்ன ஓட்டை விட்டு தைக்க சொன்னா ஊக்கு வச்சு நாமளே பழச உருவிட்டு புதுசு கோத்துக்கலாம், நீளத்த நம்ம இஷ்டத்துக்கு வச்சுக்கலாம். எங்க வீட்டுல பாப்பாவுக்கு வெள்ளி அரைஞாண் போட்டிருக்கு, டைட் எலாஸ்டிக் அது மேல உக்காந்தா வயித்துல பதிஞ்சு செவந்துடும், அதனால பட்டிய கொஞ்சம் அகலமா வச்சு எலாஸ்டிக்க லூசா விட்டிருக்கேன். லேசான தடம் சீக்கிரம் மறைஞ்சுடும், கழட்டி ரொம்ப நேரம் ஆகியும் பள்ளமா நின்னா அது டைட்னு அர்த்தம்.

தொடைக்கு ஒரு டிப். டிராயர் தைக்கும்போது ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு சதுரத் துண்டு வச்சு தைக்க சொல்லுங்க. கால நல்லா விரிச்சு மடக்க எடம் கிடைக்கும், குழந்தைக்கு இடுப்பு மூட்டு தாராளமா அசையணும்ல, டயப்பர் உப்பலும் அதுக்குள்ள அடங்கிடும். கால் ஓரத்துல எலாஸ்டிக் வேணாம், சும்மா மடிச்சு அடிச்சா போதும், மடிப்புக்குள்ள காத்து போகும்.

இதுலயும் குறை இருக்கு. நெசவுத் துணி இழுபடாது, கை நுழையிற எடத்த பெருசா வெட்டலன்னா குண்டு கைய உள்ள திணிக்கிறதுக்குள்ள பிள்ளை அழுதுடும். அதனால ஜப்லாவ முன்னாடி நாடா கட்டுற மாதிரியோ முதுகுல முழுசா திறக்குற மாதிரியோ தைக்கிறதுதான் நல்லது. ஆனா நாடா சின்னதா இருக்கட்டும், வாயில வைக்கிற வயசு, கழுத்துகிட்ட நீளமா தொங்குற நாடா ஆபத்து. உள்தையல்ல பிசிறு இருந்தா குத்தும், ஓவர்லாக்கும் சில சமயம் உறுத்துது, உள்ள பட்டி வச்சு மூட சொல்லுங்க. டெய்லர் கிடைக்கிறதும் பெரிய பாடு, சின்னத் துணின்னா நிறைய பேர் எடுக்க மாட்டேங்கறாங்க, பண்டிகை நேரத்துல கேக்கவே வேணாம். முழுக்கால் மூடுற ஸ்லீப் சூட் மாதிரி எல்லாம் நெசவுத் துணியில சரியா வராது, அதுக்கு பனியன் துணிதான்.

எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு, பையனுக்கு சட்டை டிராயர்னு தச்ச அனுபவம் இல்ல. கவுன்ல அடி பிரிச்சு விடுற சௌகரியம் சட்டையில அதே அளவுக்கு கிடைக்குமான்னு உறுதியா சொல்ல மாட்டேன். ஊட்டி கொடைக்கானல் குளிருக்கும் நான் இதை வச்சு பாத்ததில்ல. எங்க கோயம்புத்தூர் வெயிலுக்கு இதுவரைக்கும் நல்லா இருக்கு.

தைக்க குடுக்குறதா இருந்தா துணிய முதல்ல ராத்திரி பூரா தண்ணியில ஊறப்போட்டு, நிழல்ல காய வச்சு, அப்புறமா குடுங்க, சுருங்குறது அப்பவே சுருங்கிடும். அளவு எடுக்குறப்போ டயப்பரோட எடுங்க, பிள்ளைய உக்கார வச்சு வயித்துச் சுத்தளவ பாருங்க, ஏன்னா படுத்திருக்குறத விட உக்காந்தா வயிறு இன்னும் அகலமாகும். தொடையில நல்லா பெருத்த எடத்துல டேப் வச்சு, அதுக்கு மேல ரெண்டு விரல் விட்டு சொல்லுங்க. பக்கவாட்டுல ஒரு இஞ்ச், அடியில ரெண்டு இஞ்ச் உள்ள விடச் சொல்லி வாயால மட்டும் சொல்லாம சீட்டுல எழுதி துணியோடயே குத்தி குடுத்துடுங்க.