காண்டாமிருக வண்டுப் பொறி, கூன்வண்டுப் பொறி: இரண்டையும் மாட்டிப் பார்த்ததில்

தென்னைக்கு இனக்கவர்ச்சிப் பொறி, அதாவது வண்டை வாசனையால் இழுக்கும் மருந்துப் பாக்கெட் மாட்டிய வாளி, வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, பாக்கெட்டின் மேல் எந்த வண்டின் பெயர் போட்டிருக்கிறது என்பதைத்தான். காண்டாமிருக வண்டுக்குத் தனி, சிவப்புக் கூன்வண்டுக்குத் தனி, ஒன்றுக்கு வாங்கியதை மற்றதற்கு மாட்டிப் பயனில்லை.

காண்டாமிருக வண்டுப் பொறி எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. ஒரு வாளி, மேலே குறுக்கும் நெடுக்குமாகத் தகடுகள், நடுவில் தொங்கும் பாக்கெட், அவ்வளவுதான். இரவில் பறந்து வரும் வண்டு, ஆணோ பெண்ணோ, தகட்டில் மோதி உள்ளே விழுந்துவிடும், தீனி எதுவும் வைக்க வேண்டாம். ஆனால் இதில் மாட்டுவது வளர்ந்த வண்டு மட்டும்தான். குருத்தைத் துளைத்துச் சாறு குடிப்பது அதுதான், ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டியது போல முக்கோணமாகத் தெரியுமே, அது இதன் வேலை. புழுவோ எருக்குழியிலும் மட்கிய தென்னங்கட்டையிலும் கிடந்து அந்த மட்கையே தின்று வளர்கிறது. எருவைக் கிளறிப் புழுவைப் பொறுக்காமல், புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையும் அதில் கலக்காமல், பொறியை மட்டும் நம்பினால் வண்டு வந்துகொண்டேதான் இருக்கும்.

கூன்வண்டு விஷயம் வேறு. இதன் புழு உயிருள்ள மரத்துக்குள்ளேயே குடியிருந்து தண்டைக் குடைந்து தின்னும். ஓட்டையில் பழுப்புச் சாறு வடிந்து, மென்று தள்ளிய நார் வெளியே தெரியும்போது பெரும்பாலும் மரத்தைக் காப்பாற்றும் கட்டம் தாண்டியிருக்கும். காண்டாமிருக வண்டு போட்ட காயத்தில் இது முட்டை வைக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தேதான் கவனிக்க வேண்டும்.

இதற்கான பொறியில்தான் எனக்குக் குறை. வந்த வாளி வழவழவென்று இருந்தது, இந்த வண்டு பெரும்பாலும் வாளியின் மேல் வந்து உட்கார்ந்து ஊர்ந்துதான் துளைக்குள் போகும் என்பதால் வெளியே கோணிச் சாக்கு சுற்ற வேண்டியதாயிற்று. உள்ளே தண்ணீரும், நொதிக்கும் கரும்புத் துண்டோ பழமோ இருந்தால்தான் நன்றாக விழுகிறது, பாக்கெட் மட்டும் போதாது. தண்ணீர் வற்றிவிட்டால் விழுந்த வண்டும் ஏறி வெளியே போய்விடும். வெயிலில் பாக்கெட்டிலுள்ள மருந்து சீக்கிரம் ஆவியாகும், நிழலில் கட்டுங்கள். இளங்கன்றுகளுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம், இழுத்து வரும் வண்டெல்லாம் வாளிக்குள் போவதில்லை, பக்கத்து மரத்திலும் இறங்கும்.

அடிக்கடி போய்த் தண்ணீரும் தீனியும் மாற்ற முடிந்தவர்கள் கூன்வண்டுப் பொறியைத் தாராளமாக வாங்கலாம், முடியாதவர்கள் வாங்காமல் இருப்பதே மரத்துக்கு நல்லது.