“கட்டணமே இல்லை” என்ற ஆப்பில் ரெகுலர் பிளான்: மியூச்சுவல் ஃபண்ட் போடுபவர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்

மியூச்சுவல் ஃபண்டுக்கு ஆப் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும், ஏற்கெனவே ஏதாவது ஆப்பில் எஸ்ஐபி (மாதாமாதம் ஒரு தொகை போடும் முறை) போட்டு வருபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கணக்கு திறக்கக் கட்டணம் இல்லை, வாங்க விற்கக் கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்யும் ஓர் ஆப்பில் என்னுடைய எஸ்ஐபியும், அப்பா ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியும் இருந்தன. குறைந்த செலவு என்பதற்காகவே அந்த ஆப்பைத் தேர்ந்தெடுத்தோம். கடைசியில் அப்பாவின் பணம் முழுவதும், என் பணத்தில் பாதியும் கமிஷன் போகிற ரெகுலர் பிளானில் போடப்பட்டிருந்தது தெரியவந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் டைரக்ட் பிளான் என்று ஒன்று இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் அமைப்பான செபியின் உத்தரவு. ஃபண்டும் ஒன்றுதான், மேனேஜரும் ஒருவர்தான், வாங்கி வைத்திருக்கும் பங்குகளும் அதே பங்குகள்தான். ரெகுலர் பிளானில் ஏஜென்ட் கமிஷன் சேர்ந்திருக்கும், டைரக்டில் இருக்காது. அந்தக் கமிஷனுக்கு யாரும் உங்களிடம் பில் நீட்ட மாட்டார்கள். ஃபண்டை நடத்தும் செலவு விகிதத்தோடு சேர்த்து, தினமும் என்ஏவியிலிருந்தே, அதாவது ஃபண்டின் ஒரு யூனிட் மதிப்பிலிருந்தே, கழித்துவிடுவார்கள். 2018 அக்டோபரில் கமிஷனை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுப்பதை செபி நிறுத்தியது. அதன் பிறகு, உங்கள் பணம் அந்த பிளானில் இருக்கும் காலம் முழுவதும் கமிஷன் போய்க்கொண்டே இருக்கும். பங்குச் சந்தை ஃபண்டுகளில் இரண்டு பிளானுக்கும் வருடத்துக்கு அரை சதவிகிதம் முதல் ஒரு சதவிகிதம் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் வித்தியாசம் வரும்.

எங்களுக்கு நடந்தது இதுதான். அந்த ஆப்பில் நாமாக ஒரு ஃபண்டைத் தேடி வாங்கினால் டைரக்ட் பிளான் வரும். என்னுடைய முதல் எஸ்ஐபிகள் அப்படித்தான் போட்டவை, அவை இன்றும் டைரக்டில்தான் இருக்கின்றன. அதனால் அந்த ஆப் முழுக்கவே டைரக்ட் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிறகு முகப்பிலேயே இன்னொரு பகுதி வந்தது: ஓய்வுக் காலத்துக்கு ஒன்று, பிள்ளைகள் படிப்புக்கு ஒன்று என்று, நிபுணர்கள் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லும் தயார் தொகுப்புகள். அப்பாவின் பணத்தை எங்கே போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த நிறுவனத்தின் ரிலேஷன்ஷிப் மேனேஜர் அப்பாவையே அழைத்துப் பேசினார். “உங்ககிட்ட நாங்க ஒரு ரூபாய்கூட வாங்கறதில்ல சார், எல்லாம் ஃப்ரீ” என்றார். அப்பா சந்தேகப்பட்டு என்னிடம் சொன்னார். நான் ஆப்பின் சாட்டில் நேராகவே கேட்டேன்: “இந்தத் தொகுப்பில் வருவது டைரக்ட் பிளானா?” வந்த பதில்: “ஆமாம் சார், எங்கள் ஆப்பில் கமிஷன் கிடையாது.” அதை நம்பி அப்பாவின் பணத்தையும், என் பணத்தில் பாதியையும் அந்தத் தொகுப்புகளில் போட்டோம்.

கிடையாது என்றது பொய். அந்தத் தொகுப்புகள் அதே குழுமத்தின் இன்னொரு நிறுவனத்துடைய ஏஆர்என் எண் வழியாகப் போகின்றன. ஏஆர்என் என்பது ஃபண்ட் விற்கும் ஏஜென்ட்டுக்கு, ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி தரும் பதிவு எண். ஆப் திரையில் ஃபண்ட் பெயர் எப்படித் தெரியும் தெரியுமா? ஃபண்ட் நிறுவனத்தின் பெயர், ஃபண்டின் வகை, அதற்கு மேல் இடம் இல்லாமல் மூன்று புள்ளி. ரெகுலர் என்ற சொல் அந்த மூன்று புள்ளிக்குள் போய்விட்டது. ஃபண்டைத் தொட்டு உள்ளே போனாலும் மேலே அதே வெட்டுப்பட்ட பெயர்தான். இரண்டு திரை தாண்டி, சின்ன சாம்பல் எழுத்தில்தான் முழுப்பெயர் வருகிறது.

கண்டுபிடித்தது ஆப்பில் அல்ல, சிஏஎஸ் ஸ்டேட்மென்ட்டில். நம் பான் எண்ணில் உள்ள எல்லா ஃபண்டுகளும் ஒரே அறிக்கையாக மின்னஞ்சலில் வருமே, அதுதான். அரையாண்டுக்கு ஒருமுறை வரும் அறிக்கையில், நாம் வைத்திருக்கும் ஃபண்டுகளுக்காக ஏஜென்ட்டுக்குப் போன கமிஷன் எவ்வளவு என்று ரூபாய்க் கணக்கிலேயே போட்டிருக்க வேண்டும். 2016-லிருந்து இது செபியின் விதி. அப்பாவின் ஸ்டேட்மென்ட்டில் அந்தப் பத்தியில் தொகை இருந்தது. டைரக்ட் பிளானாக இருந்தால் அங்கே ஒன்றும் இருக்காது. ஃபோலியோ (ஃபண்ட் கணக்கு) விவரத்துக்குக் கீழே பார்த்தேன், ஏஆர்என் என்று தொடங்கும் எண் இருந்தது.

ஒரு சதவிகிதம்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அது பெரிய தொகை. மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபியை 20 வருடம் போடுவதாக வையுங்கள். மாதம் 1 சதவிகிதம், அதாவது வருடம் 12 சதவிகிதக் கணக்கில் வளர்ந்தால் சுமார் 99.9 லட்சம் ஆகும். அதே எஸ்ஐபி 11 சதவிகிதத்தில் வளர்ந்தால் சுமார் 87.4 லட்சம். வித்தியாசம் மட்டும் பன்னிரண்டரை லட்சம். சந்தை இந்த அளவு கொடுக்குமா என்பது வேறு விஷயம். குறைவாகக் கொடுத்தாலும், நஷ்டமே ஆனாலும், கமிஷன் கழிவது நிற்காது.

ஏஜென்ட் கமிஷன் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். வீட்டுக்கு வந்து படிவம் நிரப்பித் தருவார், நாமினி மாற்றித் தருவார், பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்தபோது யூனிட்டை மனைவி பேருக்கு மாற்றும் வரை கூடவே அலைந்தார். கமிஷன் வாங்குவதை முதல் நாளே சொல்லிவிடுவார். அது நியாயமான கூலி. கேட்ட கேள்விக்கு எழுத்திலேயே பொய் சொல்லிவிட்டு, எந்தச் சேவையும் செய்யாமல், அறுபது வயதுக்காரரின் பணத்திலிருந்து வருடா வருடம் எடுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

புகார் கொடுத்தேன். முதலில் வந்த பதில், “எங்கள் வருமானம் ஃபண்ட் நிறுவனத்திடமிருந்து வருகிறது, உங்களிடமிருந்து அல்ல.” ஃபண்ட் நிறுவனம் எங்கள் பணத்தில் கழித்துத்தானே அதைக் கொடுக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்து, விதிமுறைகளை ஏற்று டிக் செய்திருக்கிறீர்கள் என்றார்கள். சாட்டில் அவர்கள் ஆள் சொன்னதைப் படமாக அனுப்பினேன். “பணியாளரின் தகவல் பிழைக்கு வருந்துகிறோம்” என்று ஒரு வரி வந்தது. செபியின் புகார் தளமான ஸ்கோர்ஸில் பதிந்தேன். அங்கே 21 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும், சொன்னார்கள்: விதிமுறையில் எல்லாம் வெளியிட்டிருக்கிறோம் என்று. போன கமிஷன் திரும்பி வரவில்லை. ஸ்மார்ட் ஓடிஆர் என்ற சமரசத் தளத்துக்கு அடுத்ததாக எடுத்துப் போகிறேன்.

வெளியே வருவதும் சுலபமில்லை. ஏஆர்என் எண்ணை நீக்கிவிட்டால் ரெகுலர் தானாக டைரக்ட் ஆகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், ஆகாது. ஒரு பிளானிலிருந்து மறு பிளானுக்கு மாற்றுவது, விற்றுவிட்டுப் புதிதாக வாங்குவதாகத்தான் கணக்கு. பல பங்குச் சந்தை ஃபண்டுகளில் வாங்கி ஒரு வருடம் ஆகாத யூனிட்டுக்கு 1 சதவிகிதம் எக்சிட் லோட் (வெளியேறும் கட்டணம்) பிடிப்பார்கள். லாபத்துக்கு வரியும் உண்டு: ஒரு வருடம் தாண்டியிருந்தால் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரையான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவிகிதம். ஒரு வருடத்துக்குள் விற்றால் 20 சதவிகிதம். இது 2024 ஜூலை 23-க்குப் பிறகான நிலை. வரி சேமிப்பு ஃபண்டாக இருந்தால் ஒவ்வொரு தவணைக்கும் 3 வருடப் பூட்டு. அதனால் முதலில் எஸ்ஐபிகளை நிறுத்தினேன். ஆப்பில் “இடைநிறுத்து” என்பது பெரிதாகத் தெரிந்தது, “ரத்து செய்” என்பது உதவிப் பக்கத்துக்குள் இருந்தது. வங்கியிலேயே இ-மேண்டேட்டையும் (கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதி) ரத்து செய்த பிறகுதான் பணம் பிடிப்பது நின்றது. பழைய யூனிட்டுகளில் ஒரு பகுதியை மார்ச் 31-க்கு முன்பும், மீதியை ஏப்ரலுக்குப் பிறகும் மாற்றினால் இரண்டு வருட வரிவிலக்கும் கிடைக்கும். அப்பாவுக்கு அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

டீமேட் விஷயத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில ஆப்கள் ஃபண்ட் யூனிட்டை, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கில் வைக்கும். தப்பில்லை, ஆனால் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் வரும், சில இடங்களில் விற்கும்போது டிபி கட்டணமும் (டீமேட் கணக்கை நடத்தும் நிறுவனம் வாங்குவது) ஜிஎஸ்டியும் சேரும். ஒரே ஒரு டீமேட் கணக்கு உள்ளவர் அதை பிஎஸ்டிஏ என்ற சிறு முதலீட்டாளர் வகையாக வைத்துக்கொண்டால், 2024 செப்டம்பர் முதல் 4 லட்சம் வரையான இருப்புக்குப் பராமரிப்புக் கட்டணம் இல்லை. ஃபண்ட் மட்டும் போதும் என்பவர்களுக்கு டீமேட்டே தேவையில்லை. ஃபண்ட் நிறுவனங்களின் சொந்தத் தளங்களிலேயே டைரக்ட் பிளான் வாங்கலாம். ஃபண்டுகளின் கணக்குகளைப் பராமரிக்கும் நம் சென்னையைச் சேர்ந்த கேம்ஸும், ஹைதராபாத்தைச் சேர்ந்த கேஃபின்டெக்கும் சேர்ந்து 2021-ல் தொடங்கிய எம்எஃப் சென்ட்ரலில் எல்லா நிறுவன ஃபண்டுகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம், மாற்றலாம், கட்டணம் இல்லை. பார்க்க ஆப் மாதிரி பளபளப்பாக இருக்காது, அவ்வளவுதான். நான் இப்போது அங்கேதான் இருக்கிறேன்.

எந்த ஆப்பாக இருந்தாலும், முதலில் 500 ரூபாய் மட்டும் போட்டுப் பாருங்கள். சில நாளில் ஃபண்ட் நிறுவனத்திடமிருந்தே வரும் ஸ்டேட்மென்ட்டில் டைரக்ட் என்று ஃபண்ட் பெயரிலேயே இருக்கிறதா, ஏஜென்ட் இடத்தில் ஏஆர்என் எண் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பெரிய தொகையைப் போடுங்கள். வீட்டில் பெரியவர்கள் பெயரில் தொகுப்பு ஏதும் இருந்தால் அவர்களுடைய சிஏஎஸ்ஸை இன்றே கேட்டு வாங்கிப் பாருங்கள். மாட்டியிருப்பது தெரிந்தால், கணக்கை மூடும் முன்பு சாட் முழுவதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் புகார் எழுதிய சில நாளில் பழைய சாட்கள் திறக்காமல் போய்விட்டன. முன்பே எடுத்து வைத்திருந்ததுதான் இப்போது கையில் இருக்கும் ஆதாரம்.